4294967297: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பெரிய எண் ஒன்று கையில் கிடைத்தால் பெரும்பாலும் நாம் செய்வது இதுதான்: 3-ஆல் வகுத்துப் பார்ப்போம், அப்புறம் 7, 11, 13 என்று போய்க்கொண்டே இருப்போம். பத்து இலக்க எண் என்றால் சீக்கிரமே கை ஓய்ந்துவிடும், எண்ணைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. வகுப்பதற்கு முன்னால் எதால் வகுக்கலாம் என்று சலித்தெடுப்பதில்தான் வித்தையே இருக்கிறது. அதை ஒரே ஓர் எண்ணை வைத்துக் காட்டுகிறேன். எண் இது: 4294967297. வாய்விட்டுச் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

தாளும் பேனாவும் வேண்டும். பத்து இலக்கத்துக்கு மேல் காட்டும் கால்குலேட்டர் இருந்தால் நல்லது. எட்டு இலக்கம்தான் காட்டும் என்றாலும் பரவாயில்லை. முக்கியமான கணக்குகள் பெரும்பாலும் ஐந்து, ஆறு இலக்கங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். பள்ளிக்கூட வகுத்தல், மீதி, வர்க்கம் இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

எண்ணை அப்படியே முறைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. ஒன்றைக் கழித்துப் பாருங்கள், ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். இங்கே கூட்டினால் பெரிதாக ஒன்றும் தேறாது. கழித்தால் 4294967296. இதைப் பாதியாக்குங்கள்: 2147483648. மறுபடியும் பாதி: 1073741824. இன்னும் ஒரு முறை: 536870912. எங்குமே ஒற்றைப்படை எண் குறுக்கிடாமல், சரியாக 32 முறை பாதியாக்கினால் 1-இல் வந்து நிற்கும். அதாவது இது 2-ஐ 32 முறை பெருக்கிய எண், 2³². நம் எண் 2³² + 1.

கணினியோடு பழகியவர்களுக்கு 2³² தெரிந்த முகம்தான். 32 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4294967295. இணைய முகவரி முறையின் நான்காம் பதிப்பில் மொத்தம் 4294967296 முகவரிகள்தான் உண்டு. நம் எண் அந்த எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிறது. 0, 1 மட்டும் கொண்ட இரும முறையில் எழுதினால் முதலில் ஒரு 1, நடுவில் 31 சுழியங்கள், கடைசியில் ஒரு 1. வலமிருந்து படித்தாலும் இடமிருந்து படித்தாலும் அதே.

பத்தடிமான இலக்கங்களில் இவ்வளவு அழகு தெரிவதில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 59 வரும். அது சரிபார்க்க உதவும், அவ்வளவுதான். ஓர் எண்ணின் குணம் அதன் இலக்கங்களில் இல்லை, அது எப்படிக் கட்டப்பட்டது என்பதில் இருக்கிறது.

அதே எண்ணை வேறு வழியிலும் கட்டலாம். 2-இல் தொடங்கி வர்க்கம் எடுத்துக்கொண்டே போங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296. ஐந்தே வர்க்கங்களில் வந்துவிட்டோம். ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297. இந்த வரிசைக்குப் ஃபெர்மா எண்கள் என்று பெயர். முதல் ஐந்தும் பகா எண்கள்.

பிரெஞ்சுக் கணிதர் பியேர் டி ஃபெர்மா 1640-இல் எழுதிய கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்கள்தான் என்று தான் நம்புவதாகச் சொன்னார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர் ஒரு கடிதத்தில் இதை இன்னொரு கணிதரான ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் ஆய்லர் ஆறாவது எண்ணை, அதாவது நம் எண்ணை, உடைத்துக் காட்டினார். எப்படி என்பதை நீங்களே செய்து பார்க்கப்போகிறீர்கள்.

சின்ன வகுத்திகளை ஒரே அடியில் ஒதுக்குதல்

நம் எண்ணிலிருந்து 2-ஐக் கழியுங்கள்: 65536² − 1. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்பதால் இது 65537 × 65535. அந்த 65535-உம் 256² − 1 தானே, ஆக 257 × 255. அப்புறம் 255 என்பது 17 × 15. எல்லாவற்றையும் சேர்த்தால்:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

அதாவது வரிசையில் முன்னால் உள்ள ஐந்து எண்களின் பெருக்கல். இதற்கு 2 கூட்டினால்தான் நம் எண். ஆகவே 3, 5, 17, 257, 65537 எதனால் வகுத்தாலும் மீதி 2-தான் வரும். ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் ஐந்து பகா எண்கள் கழிந்தன.

ஒரு சின்ன விலகல். மேலே வந்த 4294967295-க்கு இன்னொரு பெருமை உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து ஒழுங்குப் பலகோணம் வரைய முடியுமா என்பதை 1796-இல் காஸ் 17 பக்கங்களுக்குத் தீர்த்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தாக வேண்டும். இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அந்த ஐந்துதான். ஆகவே வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியது 4294967295 பக்கம் கொண்டது.

எவ்வளவு தூரம் தேட வேண்டும்?

ஓர் எண்ணுக்கு வகுத்தி இருந்தால், அவற்றில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. நம் எண் 65536² + 1 என்பதால் 65536 வரை பார்த்தால் போதும். ஆனால் அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. இங்கேதான் சல்லடை வேண்டும்.

முதலில் சின்ன உதாரணம். 17 என்பது 2⁴ + 1. 2-இன் அடுக்குகளை 17-ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதுங்கள்: 2, 4, 8, 16, 15, 13, 9, 1. எட்டாவது இடத்தில் 1 வந்துவிட்டது. இனி சுற்று மறுபடி 2-இலிருந்து தொடங்கும். நான்காவது இடத்தில் வந்த 16-ஐக் கவனியுங்கள். 17-க்கு ஒன்று குறைவு, அதாவது −1 என்றே வைத்துக்கொள்ளலாம். நான்கில் −1 வந்தால் எட்டில் 1 வந்தே தீரும். இந்த 8, 16-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது. இது தற்செயல் இல்லை. 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், 2-இன் அடுக்குகளின் சுற்றுநீளம் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்ததை வகுக்கும். இதுவும் ஃபெர்மா 1640-இல் சொன்னதிலிருந்து வருவதுதான்.

இப்போது நம் எண்ணுக்கு வாருங்கள். ஏதோ ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணைப் பொறுத்தவரை 32-ஆவது இடத்தில் மீதி −1, 64-ஆவது இடத்தில் 1. சுற்றின் நீளம் சரியாக 64. அதைவிடக் குறையாது, ஏனென்றால் 64-இன் சிறிய வகுத்திகள் எல்லாம் 32-ஐயும் வகுப்பவை, அப்படியிருந்தால் 32-ஆவது இடத்திலேயே 1 வந்திருக்கும். ஆகவே அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்தால் 64-ஆல் வகுபட வேண்டும்.

இவ்வளவுதான் சல்லடை. 64-இன் மடங்கோடு 1 கூட்டியவற்றை எழுதுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இவற்றில் பகா எண்கள் மட்டும் மிஞ்சட்டும்: 193, 257, 449, 577, 641. 641 வரை நூற்றுக்கு மேல் இருந்த பகா எண்கள் ஐந்தாகச் சுருங்கிவிட்டன. இந்தச் சல்லடைக்கான கருவி ஃபெர்மாவின் கையிலேயே இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை. 193 முதல் 641 வரை இந்த ஐந்தையும் சோதிக்க ஒரு மாலைப்பொழுது போதுமே!

வகுக்காமல் மீதி காணுதல்

பத்து இலக்க எண்ணை வகுக்க வேண்டாம். 256-இல் தொடங்கி இரண்டு முறை வர்க்கம் எடுங்கள், ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 1 கூட்டுங்கள். சுழியம் வந்தால் வகுத்தி கிடைத்துவிட்டது.

193: 256-இன் மீதி 63. அதன் வர்க்கம் 3969, மீதி 109. அதன் வர்க்கம் 11881, மீதி 108. ஒன்று கூட்டினால் 109. இல்லை.

257: மேலேயே பார்த்துவிட்டோம், மீதி 2.

449: 65536-இன் மீதி 431. இதை −18 என்று எடுத்தால் வேலை எளிது. வர்க்கம் 324, ஒன்று கூட்டினால் 325. இல்லை. மீதி பெரிதாக வரும்போதெல்லாம் இப்படிக் கழித்தல் குறியோடு எடுத்துக்கொள்ளப் பழகுங்கள், பாதி உழைப்பு மிச்சமாகும்.

577: 65536-இன் மீதி 335, அதன் வர்க்கம் 112225, மீதி 287. ஒன்று கூட்டினால் 288. இல்லை.

641: 65536-இலிருந்து 641 × 102 = 65382-ஐக் கழித்தால் 154. அதன் வர்க்கம் 23716. 641 × 36 = 23076. கழித்தால் 640. ஒன்று கூட்டினால் 641, அதாவது சுழியம்.

அகப்பட்டுவிட்டது. இப்போது மட்டும் ஒரே ஒரு முறை நெடுவகுத்தல் செய்யுங்கள்:

4294967297 = 641 × 6700417

சரிதானா என்று பார்க்க இலக்கக் கூட்டல் உதவும். 641: 6 + 4 + 1 = 11, மறுபடி கூட்டினால் 2. 6700417: 25, மறுபடி 7. 2 × 7 = 14, அது 5. நம் எண்ணின் 59, 14 ஆகி அதுவும் 5. பொருந்துகிறது. இது முழு உத்தரவாதம் இல்லை, ஆனால் அவசரத்தில் ஓர் இலக்கம் பிசகியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

641-ஐ இன்னும் நெருங்கிப் பார்த்தால் வகுத்தலே தேவையில்லை என்று தெரியும். 641 = 5 × 128 + 1. அதே 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல் சமன்பாடு சொல்வது: 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவது சமன்பாடு சொல்வது: 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று போடலாம். போட்டால் −2³²-இன் மீதி 1. ஆகவே 2³² + 1-இன் மீதி சுழியம். மூன்றே வரி. முதல் முறை படிக்கும்போது நம்ப முடியாது. தாளில் ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள்.

மிச்சம் இருக்கும் 6700417

புதிதாக வருபவர்கள் அடிக்கடி இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கூடாது. ஈவு மறுபடி உடையுமா என்று பார்த்தாக வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். அதன் வகுத்தி எதுவும் நம் எண்ணின் வகுத்தியும்தானே, ஆகவே அதே சல்லடை செல்லும். 1878-இல் லூக்கா அதை இன்னும் நுணுக்கமாக்கினார்: 64 அல்ல, 128-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்க வேண்டும். 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. வகுத்துப் பார்த்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் சுழியம் இல்லை. ஆகவே 6700417 பகா எண். வேலை முடிந்தது.

இனி மற்றவை எல்லாம் தானாக வரும். வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, அப்புறம் எண்ணே. நான்கையும் கூட்டினால் 4301668356. எண்ணைத் தவிர்த்த மற்ற மூன்றின் கூட்டல் 6701059, எண்ணோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆகவே இது குறை எண் வகை. நம் எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் 640 × 6700416 = 4288266240. சும்மா ஓர் எண்ணை எடுத்து மீப்பெரு பொது வகுத்தி கண்டு அதிர்ஷ்டத்தில் உடைக்கலாம் என்று நினைத்தால் எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது.

இரண்டு வர்க்கங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம் எண் 65536² + 1², அதாவது இரண்டு வர்க்கங்களின் கூட்டல். பகா எண்ணாக இருந்தால் இப்படி எழுத ஒரே ஒரு வழிதான் இருக்க முடியும். நம் எண்ணுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க, வகுத்திகளை அப்படி எழுதுங்கள்:

641 = 25² + 4²
6700417 = 2556² + 409²

இப்போது குறுக்காகப் பெருக்குங்கள். 25 × 2556 = 63900, 4 × 409 = 1636. 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. முதல் ஜோடியைக் கூட்டினால் 65536, இரண்டாவதைக் கழித்தால் 1. நமக்குத் தெரிந்த பழைய வடிவம்! மாற்றிச் செய்யுங்கள்: முதல் ஜோடியைக் கழித்தால் 62264, இரண்டாவதைக் கூட்டினால் 20449. ஆக,

4294967297 = 62264² + 20449²

வர்க்கங்கள் 3876805696, 418161601. கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். போதாததற்கு 20449 என்பதே 143-இன் வர்க்கம்.

திரும்பி வரவும் வழி இருக்கிறது. யாராவது இந்த இரண்டு வடிவங்களை மட்டும் உங்களிடம் கொடுத்தால் அவற்றிலிருந்து வகுத்தியைப் பிடிக்கலாம். ஒற்றைப்படைகள் 20449, 1: வித்தியாசம் 20448, கூட்டல் 20450. இரட்டைப்படைகள் 65536, 62264: வித்தியாசம் 3272, கூட்டல் 127800. வித்தியாசங்களின் மீப்பெரு பொது வகுத்தி 8, கூட்டல்களுடையது 50. இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. வர்க்கங்களைக் கூட்டினால் 16 + 625 = 641. இதுவும் ஆய்லர் கையாண்ட முறைதான்.

சோதனை ஏமாற்றும் இடம்

ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகச் சோதிக்க, 2-ஐ அந்த எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்க்கும் முறை உண்டு. நம் எண்ணில் அதைச் செய்யாதீர்கள். 2-இன் சுற்று இங்கே 64. ஒன்று குறைத்தது 2³², அது 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1-தான் வரும், பகா எண் போலவே நடிக்கும். 2-இலிருந்து கட்டிய எண்ணை 2-ஐ வைத்தே சோதிக்கக் கூடாது.

பதிலாக 3-ஐ எடுங்கள். 1877-இல் பெப்பின் தந்த சோதனைப்படி, 3-ஐ 31 முறை தொடர்ந்து வர்க்கமெடுத்து, ஒவ்வொரு முறையும் நம் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், பகா எண்ணாக இருந்தால் கடைசியில் −1 வர வேண்டும். வருவது 10324303. வகுத்தி என்னவென்று தெரியாமலே பகா எண் இல்லை என்று உறுதியாகிவிடுகிறது. இதற்குக் கணினிதான் சரி, கையால் முயல வேண்டாம்.

மறுபடி 154

1-ஐ 641-ஆல் வகுத்துத் தசமமாக எழுதுங்கள். 32 இலக்கங்களுக்கு ஒருமுறை திரும்ப வரும்:

0.0015600624024960 9984399375975039...

முதல் 16 இலக்கங்களையும் அடுத்த 16-ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கூட்டினால் எல்லா இடத்திலும் 9. காரணம் நாம் பார்த்ததிலேயே இருக்கிறது. 5⁴-இன் மீதி −2⁴ என்றால் 5⁸-உம் 2⁸-உம் ஒரே மீதி. இரண்டு பக்கமும் 2⁸-ஆல் பெருக்கினால் 10⁸-உம் 2¹⁶-உம் ஒரே மீதி. 641-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் 154. ஆகவே 10¹⁶-இன் மீதியும் −1, அதாவது 10000000000000001-ஐயும் 641 வகுக்கும். ஈவு 15600624024961, மேலே உள்ள தசமத்தில் அதன் நிழலைப் பார்க்கலாம்.

அடுத்த எண்ணில் கை வைக்க

வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617. இதற்குச் சல்லடை 256-இன் மடங்கோடு 1 கூட்டியவை. 1880-இல் லாண்ட்ரி இதை உடைத்தார்; சிறிய வகுத்தி 274177, அதாவது 256 × 1071 + 1. நீங்கள் சரிபார்க்க இரண்டே படிகள் போதும். 65536-இன் வர்க்கத்தை 274177-ஆல் வகுத்தால் மீதி 258768. அதை −15409 என்று எடுங்கள். அதன் வர்க்கம் 237437281. ஒன்று கூட்டி 274177-ஆல் வகுத்தால் சரியாக 866.